தொடாமல் கொடுத்த மருந்து

என் தம்பி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவன் பொண்டாட்டி முன்னாலும் சொல்லியிருக்கிறேன். ஆகையால் இதைப் புறம் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதில் தெருநாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "அக்கா, போயிடுச்சா? போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த நாளில் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். நான்தான் தெருத்தெருவாகத் தேடி, காதைத் திருகிக் கூட்டிவந்தேன்.

இப்படிப்பட்ட சூரன் பெரியவனானதும் போய்ச் சேர்ந்த வேலை, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில். கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லாரி பேட்டரி, கார் பேட்டரி என்று மலைபோல் வந்து குவியும். அவற்றைப் பிளந்து, அமிலத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி எடுத்து, பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு உருக்குவார்கள். உருகியதை நீளக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றுவது என் தம்பியின் வேலை. ஒரு சொட்டு சிந்தினால் செருப்பு, தோல், சதை எல்லாம் போய்விடும். அவன் சிந்தியதே இல்லை. பயம் முழுவதும் மண்டைக்குள்தான். கை மட்டும் தனி ஆள். பட்டறையில் அவனுக்கு 'அச்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஈயம் பொல்லாதது என்று அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை. சாயங்காலம் ஆனால் வாய்க்குள் ஒரு மாதிரி தித்திக்குமாம். வயிற்றைப் பிடித்து முறுக்கும். கொப்பரைக்குப் பக்கத்தில் ரொம்ப காலம் நின்ற ஒரு பெரியவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போய், தேநீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் தம்பி சாப்பிடவில்லை. "அக்கா, எனக்கும் அப்படி ஆயிடுமா?" என்று கேட்டான். நான் வாயாடி, எதற்கும் பதில் வைத்திருப்பவள்; அன்றைக்கு, "சாப்பிடுடா" என்று தட்டை அவன் பக்கம் தள்ளினேன், அவ்வளவுதான்.

அதற்கு அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. தேனில் குழைத்து ஆளுக்கு ஒரு கரண்டி. உடம்புக்குள் போன ஈயத்தை அது இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று நம்பிக்கை. புதிதாக வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் கரண்டியைப் பழைய ஆள் ஊட்டுவான், மற்றவர்கள் கை தட்டுவார்கள். அன்றிலிருந்து அவன் பட்டறை ஆள். பொடியைச் சாப்பிடாமல் அடுப்புப் பக்கம் போக யாருக்கும் தைரியம் வராது.

பொடியைச் செய்து கொடுத்தவரை 'மெதுவா ஐயா' என்பார்கள். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்வதால் வந்த பெயர். அவரைப் பற்றி இப்போது என்ன வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். என் தம்பி ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டர் தலையைத் தூக்கிப் பார்க்காமலே, "வேலையை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மெதுவா ஐயா அப்படி இல்லை. கையைப் பிடித்து நாடி பார்ப்பார். ராத்திரி என்ன கனவு வருகிறது, அப்பா எதனால் இறந்தார், வேர்வை உப்புக் கரிக்கிறதா என்றெல்லாம் கேட்பார். சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். முட்டி வலி என்று நானே ஒருதரம் போனேன். மருந்து வாங்குவதற்கு முன்னாலேயே பாதி வலி போய்விட்டது. புருஷன் போன பிறகு என் பேச்சை அவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே ஆம்பிள்ளை அவர்தான்.

தம்பிக்கு ஒரே பெண். நாலு வயசு. ஆள் பொடிசு, வாய் காரம். அதனால் நான்தான் 'மிளகு' என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. என் சலவைக் கடைக்கு வந்தால் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர்களை எல்லாம் விசாரணை செய்வாள். "இது யாரோட சட்டை? ஏன் இவ்ளோ பெருசு? உங்க வயித்துல பாப்பா இருக்கா?" ஒரு தொந்திக்கார ஆள் அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

அந்த மிளகு திடீரென்று சாப்பிட மாட்டேன் என்றாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். தம்பியும் அவன் பொண்டாட்டியும் வேறொரு ஆஸ்பத்திரியில், முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஈயம்!

டாக்டரம்மா கோபப்படவில்லையாம். அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டுவிட்டு, "நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் யாரு மொதல்ல ஓடி வந்து கட்டிப்பாங்க?" என்று மட்டும் கேட்டாராம். சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வருகிற தூசு, குழந்தை கைக்குப் போய், கையிலிருந்து வாய்க்குப் போகும் என்று விளக்கினாராம். தம்பி அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தான். பேயறைந்த மாதிரி நின்றான்.

"அக்கா, நான்தான்க்கா. நான்தான் கொண்டுபோய் ஒட்ட வெச்சிருக்கேன்" என்றான்.

அதே டாக்டரம்மா, "வேற ஏதாவது மருந்து, பொடி, கஷாயம்னு குடுக்குறீங்களா?" என்றும் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அது உண்மை. அதற்குப் பிறகுதான் அவன் தன் பங்குப் பொடியில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தேனில் குழைத்து, குழந்தைக்குக் கொடுக்க ஆரம்பித்தான். அடுத்தமுறை டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டபோதும் இல்லை என்றே தலையாட்டினார்கள். திட்டு விழுமே என்ற பயம். பயந்தாங்கொள்ளி என்று சும்மாவா சொன்னேன்!

அந்த நாளிலிருந்து அவன் மகளைத் தொடவில்லை. பட்டறையிலிருந்து நேரே என் கடையின் பின்கட்டுக்கு வருவான். அவனுக்கென்று தனித் தொட்டி, தனி சோப்பு. தேய்த்துத் தேய்த்துக் குளிப்பான். தலையை மொட்டையடித்துக்கொண்டான். நகத்தை ஒட்ட வெட்டினான். கழற்றிப் போட்ட துணியை நான் கையுறை போட்டுக்கொண்டு தனியாக அலசுவேன். இவ்வளவும் செய்துவிட்டு வீட்டுக்குப் போய், வாசல் நடையில் ஒரு பாய் விரித்து ஒதுங்கிப் படுப்பான்.

மிளகுக்கு இது புரியுமா? அப்பா ஏதோ புது விளையாட்டு கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள். அவள் துரத்துவாள், அவன் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். நான் ஒருநாள் பார்த்தேன். அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு ஓடுகிறாள். அவன் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். கடைசியில் மூலையில் மாட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்று, "வேணாம் கண்ணு, அப்பா அழுக்கு, அப்பா அழுக்கு" என்று கத்தினான். அதற்குப் பிறகு அவள் துரத்துவதை விட்டுவிட்டாள். யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்கப்பா அழுக்கு, தொடக் கூடாது" என்று முதல் காரியமாகச் சொல்லிவிடுவாள்.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது ஈயம் குறையவில்லை. ஏறியிருந்தது.

இவ்வளவு செய்தும் ஏறுகிறதென்றால் இன்னும் என்னதான் செய்வது? அன்றைக்கே தம்பி பட்டறை வேலையை விட்டான். அட்டைப்பெட்டி அடுக்கும் கிடங்கு ஒன்றில் சேர்ந்துகொண்டான். வீட்டில் தூசு தங்கியிருக்கும், தரை, சுவர், மெத்தை எல்லாவற்றையும் சுத்தம் செய்து முடிக்கும்வரை குழந்தையை வேறு இடத்தில் வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேறு இடம் என்றால் என் வீடுதான். கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு குட்டி முற்றம், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்.

மிளகின் துணி, செருப்பு, பொம்மை எதையும் பழைய வீட்டிலிருந்து எடுத்துவர விடவில்லை. எல்லாம் புதுசு. நானும் ஒரு மாதிரி பைத்தியமாகத்தான் திரிந்தேன். காலையும் மாலையும் தரையைத் துடைத்தேன். அவள் விரலை வாயில் வைத்தால் அலறினேன். அவள் அம்மா வேலை முடிந்து வந்தால், வாசலில் கை கால் கழுவி, சேலை மாற்றிய பிறகே உள்ளே விடுவேன். "அண்ணி, நான் ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிக்கிறவ, எனக்கு எங்க இருந்து ஈயம் வரும்?" என்று அவள் அழாத குறையாகக் கேட்பாள். "பேசாம கழுவு" என்பேன்.

தம்பியோ உள்ளேயே வரமாட்டான். பட்டறையை விட்ட பிறகும் அவனுக்குத் தன் கைமேல் நம்பிக்கை இல்லை. எலும்புக்குள் இறங்கிய ஈயம் வேர்வையில் வருமோ என்று அவனாகவே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டிருந்தான். காலையில் வேலைக்குப் போகும் வழியில், குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்பான். "மிளகூ" என்று கூப்பிடுவான். அவள் எங்கிருந்தாலும் ஓடிவந்து நாற்காலியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்று வாயைத் திறப்பாள். அவன் கையை முழுக்க நீட்டி, கரண்டியின் நுனியை மட்டும் கம்பிக்குள் விட்டு, பொடி குழைத்த தேனை ஊட்டுவான். அவள் உதடு அவன் விரலில் பட்டுவிடக் கூடாதென்று நீளக் கரண்டியாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தான். பட்டறையை விட்ட பிறகு பொடியை, தனக்கென்று சொல்லி, மெதுவா ஐயாவிடமே டப்பாவாக வாங்கிக்கொண்டான். "நக்கிடு கண்ணு, மிச்சம் வெக்காத. இது உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளிய தள்ளிடும்" என்பான். அவளும் சுத்தமாக நக்கிவிட்டு, "இன்னும்" என்பாள். பார்க்க மாட்டாமல் நான் துணி மடிக்கப் போய்விடுவேன். பெற்றவன் மகளைத் தொட முடியாமல் கம்பிக்கு வெளியே நின்று ஊட்டுகிறானே என்று.

ஆனால் குழந்தை தேறவில்லை. வாய் ஓயாதவள் பேச்சுக்கு நடுவில் நிற்க ஆரம்பித்தாள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தே, இது... இது..." என்று என் முகத்தையே பார்ப்பாள். ஒரு வாரத்துக்கு முன்னால் அதன் பெயர் தெரிந்திருந்தது. தினமும் ஏறி இறங்கிய படியில் தடுக்கி விழுந்தாள். நான் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம். ஒரு விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மடித்து அடுக்கிய விரிப்பின்மேல் மிளகு உட்கார்ந்து, ஏதோ ஒரு பூனையைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை மதில்மேல் ஏறியது, ஏறியது என்று அதையே சொன்னாள். பிறகு சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண் மேலே செருகிக்கொண்டு போயிற்று. கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை.

"ஐயோ, என் தங்கமே!" என்று கத்தினேன் என்று பிறகு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எனக்கு நினைவில்லை. அவளை வாரிக்கொண்டு தெருவில் ஓடியது நினைவிருக்கிறது. யாரோ ஒரு கார்க்காரர் கதவைத் திறந்துவிட்டார். என் மடியில் அந்தச் சின்ன உடம்பு விறைத்து விறைத்து அடித்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வந்ததே எனக்குத் தெரியாது. நல்லவேளை, ஒரு விரிப்போடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். மறுபடி ரத்தம். டாக்டரம்மா முடிவை இரண்டு தரம் படித்தார். முன்னைவிட ரொம்பவே அதிகம். மூளையைத் தொட்டுவிட்டது. இன்னும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. உடனே ஈயத்தை இறக்கும் மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்றார். என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள்.

"அவர் வேலைத் துணிய நீங்கதான துவைச்சீங்க? உங்களுக்கு ஒண்ணும் பெருசா இல்லையே" என்றார் டாக்டரம்மா. "வேலைய விட்டாச்சு, வீட்ட மாத்தியாச்சு. அப்புறமும் ஏறுதுன்னா எங்கிருந்தோ இன்னும் உள்ள போயிட்டே இருக்கு. நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க வீட்டுக்குள்ள வெளியிலருந்து என்ன வருது?"

"ஒண்ணும் வராது டாக்டரம்மா. நான் சாப்பிடுறதத்தான் அவளும் சாப்பிடுறா. அதே தண்ணி, அதே பால். பெத்த அப்பனையே உள்ள விடுறதில்ல. அவன் பாவம், ஜன்னல்ல நின்னு அந்தப் பொடிய மட்டும்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன பொடி?" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். டப்பாவை உடனே கொண்டுவரச் சொன்னார், சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். முடிவு வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தம்பி பொண்டாட்டியைக் குழந்தை பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நேரே மெதுவா ஐயாவின் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவதாக நினைத்துக்கொண்டே போனேன்.

கதவு திறந்திருந்தது. அதே அமைதியான அறை. அலமாரியில் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், துடைத்த மேசை. "வாங்கம்மா, முட்டி எப்படி இருக்கு? உக்காருங்க. மெதுவா சொல்லுங்க" என்றார்.

"பட்டறைக்குக் குடுக்கற பொடியில என்ன இருக்கு?" என்று நின்றபடியே கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை, தடுமாறவில்லை. சில வேர்களைச் சொன்னார், இலைகளைச் சொன்னார். "அப்புறம் சுத்தி பண்ணின ஈயம்" என்றார்.

"என்னது?"

"ஈயம்தாம்மா. பச்சையா இருந்தா விஷம். மூலிகைச் சாறுல ஊற வெச்சு, மூடி எரிச்சு, திரும்ப ஊற வெச்சு, திரும்ப எரிச்சு, சாம்பலா ஆக்கிட்டா அதுவே மருந்து. உள்ள இருக்கற ஈயம் தன் இனத்தப் பாத்ததும் அதோட சேந்து வெளிய வந்துடும். எங்க குரு சொல்லிக்குடுத்தது."

"பாவி மனுஷா, இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையேம்மா." உண்மையாகவே வியப்போடு சொன்னார். "ஏன், என்ன ஆச்சு?"

குழந்தையைப் பற்றிச் சொன்னேன். குழந்தைக்கென்று அவர் எப்போதும் கொடுத்ததில்லையாம், பெரியவர்களுக்கு மட்டும்தானாம். அவர் முகம் மாறியது. ஆனாலும் நம்பவில்லை. "இதுல தப்பு இருக்காதும்மா. வேற ஏதோ காரணம். நானே தினம் சாப்பிடுறேன், பாருங்க" என்று ஒரு குப்பியைத் திறந்து, கரண்டியில் பொடியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். கை ஆடியது. பாதிப் பொடி சட்டையில் கொட்டியது. மணிக்கட்டு நிமிரவே இல்லை. கீழே தொங்கிக்கொண்டு, கரண்டியைத் தூக்க முடியாமல், அவர் குனிந்து வாயைக் கரண்டிக்குக் கொண்டுவந்தார்.

அந்த மணிக்கட்டை நான் முதல்தரம் வந்தபோது பார்க்கவில்லையா, அல்லது அப்போது இப்படி இல்லையா, தெரியாது. சட்டையைப் பிடிக்க வந்த எனக்கு அங்கே நிற்கவே பயமாகிவிட்டது. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் நாலு அறை விட்டுத் தொலைத்திருப்பேன். இந்த மனுஷன் தன் பொடியை முழுசாக நம்பித் தானே தின்றுகொண்டிருந்தார். வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து, "அம்மா" என்று கூப்பிட்டார். "அந்த டாக்டர்... என் ரத்தத்தையும் பாப்பாங்களா?"

நான் திரும்பிப் பார்க்காமல், "பாப்பாங்க, வந்து தொலைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் தம்பி வந்திருந்தான். வார்டுக்குள் போகவில்லை. கதவுக்கு வெளியே, கையை இரண்டு அக்குளுக்குள்ளும் இடுக்கிக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். இவனிடம் எப்படிச் சொல்வது? வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. போட்டு உடைத்துவிட்டேன்.

"அந்தப் பொடியில ஈயம் இருக்குடா. அதுதான் காரணம்."

"அது மருந்துக்கா" என்றான்.

"ஈயம்டா."

"இல்லக்கா. அது ஈயத்த வெளிய எடுக்கற மருந்து. பட்டறையில அத்தன பேரும் சாப்பிடுறாங்க." என் முகத்தைப் பார்த்தான். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் தொடவே இல்லையேக்கா" என்றான். "அவளத் தொடவே இல்லையே. தள்ளித்தானே நின்னேன். தள்ளி நின்னுதானே..."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் மொட்டைத் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பேச்சு உள்ளே கேட்டிருக்க வேண்டும். அவன் பொண்டாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

"எழுந்து வாங்க" என்றாள். "வந்து அவளத் தூக்குங்க. இனிமே என்ன பயம்?"

அவன் எழவில்லை. அவள் குனிந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு பல நாள் அந்த வார்டுதான் எங்கள் வீடு. சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது. ஒவ்வொரு முறை ரத்தம் எடுத்துப் போனபோதும் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். பொடியில் ஈயம் கொட்டிக்கிடக்கிறது என்று சோதனை முடிவும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தம்பி பட்டறைக்குப் போனான். காலை வரிசை நின்றுகொண்டிருந்ததாம். சொன்னானாம். "கொழந்தைக்கு அளவு தெரியாம குடுத்துட்டு மருந்து மேல பழி போடுறியா?" என்று ஒருத்தன் கேட்டானாம். என் தம்பி, நாய்க்குப் பயந்தவன், இடிக்குப் பயந்தவன், பொடி டப்பாவைப் பிடுங்கி அடுப்பில் வீசியிருக்கிறான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். உதடு கிழிந்திருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்க வந்தார்கள். மெதுவா ஐயாவும் வந்தார், வரிசையில் கடைசியாக. அவர்களைப் பார்த்தால் என் தம்பி வேறு பக்கம் போய்விடுவான்.

மிளகு பிழைத்துவிட்டாள். ஈயம் இறங்கியது, வலிப்பு மறுபடி வரவில்லை, சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மாவிடம் நான்தான் கேட்டேன். "முன்ன மாதிரி ஆயிடுவாளா?"

"விஷம் இறங்கிடுச்சு. உள்ள எவ்ளோ சேதம் பண்ணியிருக்குன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்றார். "வளர வளரத்தான் தெரியும். பள்ளிக்கூடம் போகட்டும், பாப்போம்."

பாப்போம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அவள் கரண்டியைக் கீழே போட்டால் மூன்று பேருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது. சிவப்பைப் பச்சை என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே தெரியவில்லையா என்று அவள் அம்மா கண்ணில் நீர் முட்டுகிறது. எந்தக் குழந்தைதான் மறக்காது, எந்தக் குழந்தைதான் தடுக்கி விழாது? அதெல்லாம் மற்ற குழந்தைகளுக்கு. இவள் தடுக்கினால் நாங்கள் தரையைப் பார்ப்பதில்லை, அவளைப் பார்க்கிறோம்.

முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். சீருடையை நானே தைக்கக் கொடுத்து வாங்கி, நானே இஸ்திரி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். "நானே போட்டுக்குவேன், யாரும் தொடாதீங்க" என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். ஒவ்வொரு பொத்தானாக, நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டாள். மேல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் எல்லாமே ஒரு துளை தள்ளிப் போயின. கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு, துளையைக் காணாமல் தேடினாள்.

தம்பியின் கை நடுங்கியது, அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

மிளகு நிமிர்ந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள்.

"சும்மாதான் கண்ணு" என்றான் தம்பி.

அவள் நம்பவில்லை. எல்லாப் பொத்தானையும் கழற்றிவிட்டு, மேலேயிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தமுறை ரொம்ப மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பயந்துகொண்டே போட்டாள்.